வளவு தாண்டிய படங்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கினால், இப்போது முதல் வேலை பயோடேட்டா தயாரிப்பதுதான். மேலே பிள்ளையார் படம். பக்கத்தில் பட்டுச் சேலையில் ஒரு படம், சுடிதாரில் ஒரு படம். கீழே பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம், உயரம், நிறம், படிப்பு, வேலை பார்க்கும் கம்பெனி, வாங்கும் சம்பளம், குலத்தைக் காட்டும் கோயில், அதன் பிரிவு, ஊர், ஊர் வீட்டில் பங்கு உண்டா இல்லையா, உடன்பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், அப்பாவின் கைப்பேசி எண். பிடிஎஃப் ஆக்கி ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அது சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், நியூ ஜெர்சி எல்லாம் போய்விடும். எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து கிளம்பி உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிற நகரத்தார் சமூகத்துக்கு இது பெரிய வசதி. வரன் விசாரிக்க ஊர் ஊராகப் பேருந்து ஏறி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மற்ற சமூகங்களிலும் இதே குழுக்கள், இதே பிடிஎஃப்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகளுக்குக் கல்யாணமாகி, பேரன் எல்கேஜி போகிறான். பெண்ணைப் பெற்றவருக்கு இன்னமும் அழைப்பு வருகிறது. "பயோடேட்டா பார்த்தோம், ஜாதகம் பொருந்தியிருக்கு, மேற்கொண்டு பேசலாமா?" முதலில் அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், அந்தப் பெண்ணின் மாமியாரிடம் பக்கத்து இலைக்காரர் குரலைத் தாழ்த்தி, "ஆச்சி, ஒங்க மகமிண்டி பயோடேட்டா குரூப்புல வந்துச்சே, ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டார். ஒரு வாரத்தில் 'அந்தப் பெண்ணைத் தீர்த்து அனுப்பிவிட்டார்களாம்' என்ற பேச்சு தேவகோட்டை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கணவனும் மனைவியும் நன்றாகத்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்து வந்த கோயில் விசேஷத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்று காட்ட வேண்டியதாயிற்று.

இந்தச் சங்கதியில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவர்கூட இல்லை. பழைய கோப்பைக் கைப்பேசியில் வைத்திருந்த யாரோ ஒரு பெரியவர், 'யாருக்காவது உதவட்டுமே' என்று இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிட்டிருப்பார். அவ்வளவுதான். சமூக ஊடகத்தால் அந்தரங்கம் போகிறது என்று பேச்செடுத்தால் நாம் தூரத்து எதிரிகளைத்தான் நினைக்கிறோம். அந்த ஆபத்து மெய்தான். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் 8.7 கோடிப் பேரின் விவரங்கள் கைமாறியிருக்கக்கூடும் என்று 2018-இல் ஃபேஸ்புக்கே சொன்னது; அதில் இந்தியர்கள் 5.6 லட்சம் பேர். ஆனால் காரைக்குடி அளவுள்ள ஊரில் ஒருவர் பெயர் கெடுவது பெரும்பாலும் தெரிந்தவர் கையால், உறவுக்காரர் கையால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருப்பவர் கையால். நம் சட்டமும் நம் கோபமும் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை என்பதுதான் என் கவலை.

செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருவில் நின்று பார்த்தால் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று வாசலுக்கு நேர் வாசலாகப் பின் தெரு வரை கண் ஓடும். கண் போகிற தூரத்துக்குக் கால் போகாது. வியாபாரப் பேச்சுக்கு வந்தவருக்குத் திண்ணை. சம்பந்தம் பேச வந்தவருக்குப் பட்டாலை. வளவுக்குள் வருகிறவர் உறவு. அடுப்படி வரை போகிறவர் அதனினும் நெருங்கிய உறவு. யாரும் பலகை எழுதி மாட்டவில்லை, வந்தவருக்குத் தாம் நிற்க வேண்டிய இடம் தெரிந்திருந்தது. வளவைச் சுற்றிக் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை. மகனை 'வேறு வைத்த' பிறகு அவன் குடும்பத்துக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஒரே கூரைக்குக் கீழே ஐம்பது பேர் இருந்த வீட்டில், தம்பி வீட்டு வரவு செலவு அண்ணன் வீட்டுக்குத் தெரியாமல் இருக்க ஓர் ஏற்பாடு இருந்தது. நெருக்கத்துக்கு நடுவே தனிமையைக் காக்கத் தெரிந்த ஊர் இது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் கட்டும் மூன்றாம் கட்டும் பெண்களுக்கு நிழலாக இருந்ததைவிடச் சிறையாக இருந்த நாட்கள் அதிகம். இளம் விதவைகள் பட்ட பாட்டை அந்தச் சுவர்கள் அறியும். திண்ணைப் பேச்சும் கொடியதுதான். ஆனாலும் அந்தப் பேச்சைக் கொண்டுவந்தவருக்கு ஒரு முகம் இருந்தது, பெயர் இருந்தது. "நீ பார்த்தியா?" என்று நிறுத்திக் கேட்க முடிந்தது. பொய் என்று தெரிந்தால் அடுத்த விசேஷத்தில் அவர் முகம் கொடுக்க முடியாது. இன்று வருகிற சேதிக்கு மேலே 'பலமுறை பகிரப்பட்டது' என்று இரண்டு அம்புக்குறி மட்டும் இருக்கிறது. யாரைப் பிடித்துக் கேட்பது?

புதுப் பேருந்து நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி வகுப்புத் தோழனோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். எதிர்க் கடையிலிருந்து ஒருவர் படம் எடுக்கிறார். "அண்ணே, இது நம்ம பிள்ளையான்னு பாருங்க" என்று அது அப்பாவுக்குப் போவதற்கு முன்னால் சாதிக் குழுவுக்குப் போய்விடுகிறது. அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் கைப்பேசி பிடுங்கப்படும். அடுத்த பருவத்துக்குக் கட்டணம் கட்டப்படாது. பையன் வேறு சாதி என்றால், குறிப்பாகப் பட்டியலினத்தைச் சேர்ந்தவன் என்றால், நடப்பது அதோடு நிற்கும் என்று சொல்ல முடியாத மாநிலத்தில்தான் நாம் இருக்கிறோம். படம் எடுத்தவர் தம்மை ஊருக்குக் காவலாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சுற்றுலா வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் ரீல்ஸ் எடுக்க வருகிற இளைஞர்களால் இந்தப் பகுதிக்கு வருமானம் உண்டு, மகிழ்ச்சி. ஆனால் வளவுக்கு மேலே கூரை கிடையாது, அது வானம் பார்த்த முற்றம். ட்ரோன் மேலே பறந்தால், வற்றல் காயவைத்துக்கொண்டிருக்கிற ஆச்சி அடுத்த நாள் ஆயிரக்கணக்கானவர்கள் கைப்பேசியில் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யார்?

அந்தரங்கம் பற்றி இந்தியச் சட்டம் இன்று பேசுகிற மொழியைக் கொடுத்ததில் ஒரு தமிழ்நாட்டு வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. மரண தண்டனைக் கைதியாகச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது. அதிகாரிகள் சிலரோடு அவனுக்கு இருந்த தொடர்பு அதில் வரும் என்பதால் அதைத் தடுக்கச் சிறைத்துறை முயன்றது. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. அதே தீர்ப்பு, தன் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, படிப்பு ஆகியவற்றை வெளியார் பார்வையிலிருந்து காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு, சம்மதம் இல்லாமல் அவற்றைப் பற்றி வெளியிடக் கூடாது என்றது. பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடலாம். ஆனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை அப்படியும் வெளியிடலாகாது என்று கோடு கிழித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக முடிவு செய்தது. குடும்பம், திருமணம், படிப்பு: வரன் குழுவில் சுற்றுகிற அந்தப் பிடிஎஃப்பில் இருப்பது முழுக்க இதுதான்.

கோடு கிழித்த பிறகும் அதைத் தாண்டியது யார்? அரசே தாண்டியது. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில், புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை உயர் அதிகாரி செய்தியாளர்களிடம் சொன்னார். வழக்கைச் சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. படம் எடுத்து மிரட்டியே பல பெண்களைச் சீரழித்த அந்த வழக்கில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைக்க 2025 மே 13 வரை ஆயிற்று. இடையில், 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரின் எஃப்ஐஆர் அவர் அடையாளத்தோடு இணையத்தில் வெளியே வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மறுபடியும் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எஃப்ஐஆரை வெளியே விட்டது ஒரு கணினிக் கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். அதை இறக்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'பாருங்கள்' என்று அனுப்பிய ஆயிரம் விரல்களுக்கு எந்தக் கோளாறும் இல்லை.

சேலம் மாவட்டத்தில் 2016 ஜூனில் ஓர் இளம் பெண்ணின் முகத்தை வேறு உடலோடு ஒட்டி யாரோ ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் காவல்துறைக்குப் போனது. விசாரணை இழுத்தது, கைப்பேசி வாங்கித் தரச் சொல்லிக் கேட்டதாக ஒரு காவலர் மேல் குற்றச்சாட்டு எழுந்தது. படம் மீண்டும் வந்தது. அந்தப் பெண் உயிரை விட்ட பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வருத்தம் தெரிவித்தார். தன்னைப் பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்ற வேதனையை அந்தப் பெண் எழுதி வைத்திருந்தார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு ஆறாதது அந்தக் கடிதம். ஏனென்றால் இன்றும் எந்த வீட்டில் இது நடந்தாலும் முதல் கேள்வி, "நீ ஏன் படம் போட்டே?" என்பதுதான். படம் போடுவது குற்றம் கிடையாது. தீபாவளிக்குப் புதுச் சேலை கட்டி ஒரு படம் போடுகிற பெண், அதை வெட்டி ஒட்டச் சொல்லி யாரிடமும் கொடுக்கவில்லை. இப்போது அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் செய்கின்றன. ஃபேஸ்புக்கே இல்லாத பெண்ணின் கல்யாண ஆல்பத்துப் படமும் போதும். பெண் ஒளிந்துகொண்டால் தப்பிக்கலாம் என்ற அறிவுரைக்கு இனி ஒரு பயனும் இல்லை.

இப்படி வெட்டி ஒட்டிய படங்களை வைத்தே வசூல் செய்கிற கடன் செயலிகளைப் பற்றி இந்த மண்ணிலிருந்து பேசக் கூடுதல் காரணம் உண்டு. வட்டிக்கடையும் கிட்டங்கியுமாகப் பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்த ஊர்கள் இவை. அந்தத் தொழிலின் மூலதனம் பாதி பணம், பாதி நாணயம். கடைப் பெயரான விலாசத்தைச் சொன்னாலே கடல் கடந்து பணம் புரண்டது. அங்கே வேலை பார்த்த மேலாளும் அடுத்தாளும் முதலில் கற்றுக்கொண்டது கடை விஷயத்தை வெளியே பேசாமல் இருப்பதை. அந்தத் தொழிலின் மேல் குறைகளும் உண்டு. 1930களின் பெருமந்தத்தில் கீழ்ப் பர்மா நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்குப் போனதை அங்குள்ள விவசாயிகள் மறக்கவில்லை. ஆனால் கடன்பட்டவனின் மகள் படத்தை வெட்டி ஒட்டி ஊருக்கு அனுப்புவது எந்தப் பேரேட்டிலும் இல்லாத வசூல் முறை. செயலியை இறக்கியதும் அது தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. அவசரத்தில் இருப்பவர் 'சரி' என்று அழுத்துகிறார். ஏழு நாள் தவணை தவறினால், ஆபாசமாக்கப்பட்ட படம் அவருடைய அலுவலக மேலாளருக்கும் மாமனாருக்கும் பால்காரருக்கும் போகிறது. அங்கே அடகு வைக்கப்பட்டிருப்பது நகையும் நிலமும் இல்லை, மானம். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையோ படங்களையோ அழைப்புப் பட்டியலையோ தொடக் கூடாது என்று உத்தரவிட்டது. முறையாகப் பதிவு பெற்றவர்கள் கேட்டார்கள். பெயர் மாற்றிப் பெயர் மாற்றி வருகிறவர்கள் கேட்கவில்லை.

பெயர் கெடுவது உயிரையே குடித்ததும் உண்டு. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் குடும்பத்தோடு காரில் வந்த 65 வயதுப் பெண்மணி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்ஆப்பில் வந்த வதந்தியை நம்பியிருந்த கூட்டம் அவர்களை அடித்தது, அவர் இறந்துபோனார். வெளிநாட்டிலிருந்து வந்து குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு நிற்கிற குடும்பங்களைச் செட்டிநாட்டில் ஆண்டு முழுக்கப் பார்க்கலாம். நாடு முழுவதும் இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகே, அந்த ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்ஆப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

மறக்கப்படுவது என்று ஒரு நிம்மதி இருந்தது. நொடித்துப்போனவர் வேறு ஊர் போய்க் கடை வைத்து மீண்டு வருவார்; பத்து வருடத்தில் பேச்சு ஓய்ந்துவிடும். இணையம் ஓயவிடுவதில்லை. ஸ்பெயினில் மாரியோ கோஸ்டெஹா என்பவரின் சொத்து, கட்டாத பாக்கிக்காக ஏலத்துக்கு வருகிறது என்று 1998-இல் லா வான்கார்டியா நாளிதழில் அறிவிப்பு வந்தது. பிரச்சினை தீர்ந்து பல வருடம் ஆன பின்னும் கூகுளில் அவர் பெயரைத் தட்டினால் அந்த ஏல அறிவிப்பே வந்து நின்றது. 2014 மே 13 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அவர் பெயரைத் தேடும்போது அந்த இணைப்பு வரக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நம் மதுரைக் கிளைக்கும் இதே கேள்வி வந்தது. குற்ற வழக்கு ஒன்றில் மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், இணையத்தில் உள்ள தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கச் சொன்னார். சட்டத்தில் அதற்கு வழி இல்லை என்று 2021-இல் தனி நீதிபதி கைவிரித்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நீதிமன்றத் தீர்ப்பு மக்களுக்குத் தெரிய வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. தீர்ப்பு தெரியட்டும். குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சொன்ன மனிதரின் பெயர் எதற்கு?

2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய விவரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கட்டணம் வாங்கும் திருமணத் தகவல் நிறுவனத்திடம் 'என் விவரத்தை அழித்துவிடுங்கள்' என்று, அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்ததும், இதன்படி கேட்கலாம். ஆனால் தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருக்கிற விவரங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சித்தப்பா கைப்பேசியில் இருக்கிற பிடிஎஃப், பெரியம்மா அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அதற்கு வெளியே. அவதூறு வழக்குப் போடலாம்தான். சொந்தக்காரர் மேல் யார் போடுவார்? குழுவை நடத்துகிறவரைக் கேட்கலாம் என்றால், உறுப்பினர் போட்ட பதிவுக்கு, கூட்டுச் சதி இல்லாதவரை, அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரியான தீர்ப்பு.

ஆகவே வரன் குழு நடத்துகிறவர்களும் ஊர்ச் சங்கங்களும்தான் வரம்பு வகுக்க வேண்டும். முதலில் அனுப்புகிற தாளில் கோயில், பிரிவு, நட்சத்திரம், படிப்பு போதும். படமும் சம்பளமும் தொலைபேசி எண்ணும் இரண்டு வீட்டாரும் பேச ஒத்துக்கொண்ட பிறகு கைமாறட்டும். ஜாதகத்தை ஆள் வழியாகக் கொடுத்து, பொருந்தவில்லை என்றால் திருப்பி வாங்கிக்கொண்ட தலைமுறைக்கு இது புதிய யோசனை இல்லை. தாளின் மேலேயே தேதியும், 'ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது' என்ற வரியும் இருக்கட்டும். நிச்சயமானதும் 'முடிந்தது, அழித்துவிடுங்கள்' என்று அட்மின் அறிவிக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பெண்ணிடமும் பையனிடமும் கேட்க வேண்டும். தன் படம் எந்தெந்தக் குழுவில் சுற்றுகிறது என்பதை அலுவலகத்தில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்கிற பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

காவல்துறையிடம் கேட்க வேண்டியது வேறு. அனுமதி இல்லாத அந்தரங்கப் படத்தைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும் என்று 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களுக்குச் சொல்லின. பெண்கள் தொடர்பான புகாரைத் தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலே பதியலாம். 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற தளத்தில், படத்தை யாருக்கும் அனுப்பாமல் அதன் எண் அடையாளத்தை மட்டும் கொடுத்து, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் அது ஏறாமல் தடுக்கலாம். இவையெல்லாம் இருக்கின்றன என்பதே புகார் கொடுக்க வருகிற குடும்பத்துக்குத் தெரிவதில்லை. சிறிய ஊர் நிலையத்தில் எழுத்தர் அப்பாவின் நண்பராக இருப்பார். அங்கே போய் ஒரு பெண் எதைச் சொல்வாள்? மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் பெண் அதிகாரி ஒருவர் தனி அறையில் புகாரைக் கேட்க வேண்டும். படங்களைக் காவலர்கள் தங்கள் சொந்த வாட்ஸ்ஆப்புக்கு அனுப்பச் சொல்லக் கூடாது. எஃப்ஐஆரில் பெயர் வெளியே தெரியாதபடி மறைக்கப்பட்டதா என்று ஓர் அதிகாரி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இதற்குப் புதுச் சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. சிவகங்கை மாவட்டத்தைப் பொறுத்தவரை, காவல் கண்காணிப்பாளர் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை போதும்.